அரிசி இறங்கும், ஆள் ஏறும்

தக்லோபன் விமான நிலையம்
நவம்பர் 12, 2013

மனோய் டியோவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ரொம்பக் குதிக்காதே. அண்ணன் உன்னைத் தொந்தரவு செய்ய ஒரு தங்கை மிச்சம் இருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

இதைக் கொண்டு வருகிறவர் சார்ஜென்ட் பொலான்தே. விமான நிலைய கேட் பக்கம் அம்மா விற்கும் மோரோன் கொழுக்கட்டையை இலை உரிக்கக் கூடப் பொறுமையில்லாமல் வாயில் போட்டுக்கொள்வாரே, அந்த ராணுவ விமானத்து மூட்டைக்காரர், அவரேதான். விமானம் இங்கே வரும்போது அரிசி இறங்கும், போகும்போது ஆள் ஏறும். நீ எப்படியும் மணிலா விமானப்படைத் தளத்து வாசலில்தான் நின்றுகொண்டிருப்பாய். "டியோனிசியோன்னு கத்துங்க, காது பெரிசா இருக்கிறவன் திரும்புவான்" என்று அடையாளம் சொல்லியிருக்கிறேன்.

செய்தி இதுதான். வீடு இல்லை. கூரை போனது, சுவர் போனது என்று வரிசையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் தரையே இல்லை. யோலாண்டா புயலைக் காற்று என்று நினைத்து ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தோம். வந்தது கடல். நான் பள்ளிக்கூட மாடியில் தப்பினேன். அப்பா நம் குட்டித் தம்பி பூடோயைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு தென்னையைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் கை அப்பாவின் கையில் இருந்ததாம். அப்புறம் இல்லையாம். அவர் நாலு நாளாகக் கடற்கரையில் தேடிக்கொண்டிருந்தார்.

பூடோய் காலில் தகரம் கிழித்திருக்கிறது. கால் ஊதி, கணுக்காலுக்கு மேலே சிவப்புக் கோடு ஏறியிருக்கிறது. கூடார டாக்டர் மோந்து பார்த்துவிட்டு, "மணிலாவுக்குக் கொண்டு போனா கால் பிழைக்கும். போகலைன்னா கால் மட்டும் போகாது" என்றார். நோயாளிக் குழந்தையோடு பெரியவர் ஒருத்தரைத்தான் ஏற்றுவார்கள். எனக்குப் பதினாறு, உயரம் மட்டும் பெரிய ஆள்.

அப்பாவிடம் சொன்னேன். அசையவில்லை.

"உங்கம்மா கிடைக்காம நான் இந்த ஊரைத் தாண்ட மாட்டேன். உசுரோட இருந்தா தேட ஆள் வேணும். செத்திருந்தா பக்கத்துல உட்கார ஆள் வேணும். ரெண்டுக்கும் நான்தான்."

அப்போது சொன்னேன். "அம்மா நேத்தே மணிலா போயிட்டாங்கப்பா. நான் பாத்தேன். கடைசி ஆளா ஏறினாங்க. கத்தினேன், இஞ்சின் சத்தத்துல கேக்கலை."

"நிஜமாவா?"

"நிஜமா."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் பூடோயைத் தூக்கிக்கொண்டார். கேட்டில் நெரிசல் என்று சொல்லி, ஓடுபாதையின் பின்பக்கம் வேலி கிழிந்திருக்கிற வழியாகச் சுற்றிக் கூட்டி வந்தேன். இங்கே எல்லாரும் விமானம் ஏறத்தான் வந்திருக்கிறோம். கையில் மிச்சமிருந்தது மானம் ஒன்றுதான், அதையும் வேலியில் மாட்டிவிட்டு முண்டியடிக்கிறோம்.

மனோய், இறங்கியதும் அவர் கேட்பார். அம்மா வந்துவிட்டதாகச் சொல். எங்கேயோ தங்கவைத்திருக்கிறார்கள், தேடுகிறேன் என்று சொல். பூடோய் தேறும்வரை அவர் திரும்பி விமானம் ஏறக் கூடாது. வேறு எதுவும் என்னிடம் கேட்காதே.

உன் தீராத தொல்லை,
லின்


மணிலா
நவம்பர் 13

லின்,

நீ உயிரோடு இருக்கிறாய். கடவுளுக்கு நன்றி. நேரில் பார்த்தால் அறைவேன். இரண்டையும் ஒரே நேரத்தில்தான் நினைத்தேன், அதனால் இரண்டையும் எழுதிவிட்டேன்.

போன திருவிழாவுக்கு நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? டாக்டர் குரலில் போன் செய்து, அம்மா ஆஸ்பத்திரியில் என்றாய். அழுதுகொண்டே கப்பல் ஏறி வந்தேன். அம்மா முற்றத்தில் பன்றி வாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குக் காவல் வேலை போயிற்று. அடுத்த வேலைக்கு எத்தனை வாசல் ஏறினேன் என்று உனக்குத் தெரியாது. அன்றைக்கும் நீ அம்மாவை வைத்துத்தான் விளையாடினாய்.

விமானத்தின் பின்கதவு திறந்ததும் அப்பா இறங்கினார். செருப்பு இல்லை. சட்டை வேறு யாருடையதோ. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர், முதலில் கேட்டது இதைத்தான்: "உங்கம்மா எங்கடா?"

"வந்துட்டாங்கப்பா. கன்னியாஸ்திரீங்க கொஞ்சப் பேரை பஸ்ல கூட்டிட்டுப் போயிருக்காங்க. எந்த மடம்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்கே என் குரல் யாரோ மாதிரி கேட்டது. அவர் "சரி" என்றார். அவ்வளவுதான்.

பூடோய்க்குக் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் நிற்குமாம். காய்ச்சல் இறங்கவில்லை. இன்னொரு முறை அறுக்க வேண்டியிருக்கலாம்.

இப்போது என் கேள்வி. பூடோயோடு ஏற முடியாவிட்டால் என்ன, தனியாக வரிசையில் நிற்கலாமே. பெண்பிள்ளைகளைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள் என்று இங்கே இறங்குகிறவர்கள் சொல்கிறார்கள். நீ ஏன் வரவில்லை? அம்மாவைப் பார்த்தாயா, இல்லையா? விளையாட்டு வேண்டாம் லின். ஒரே ஒரு வரி எழுது.

ரொட்டி, மெழுகுவர்த்தி, சோப்பு, என் பழைய காலணி அனுப்பியிருக்கிறேன்.

டியோ


தக்லோபன்
நவம்பர் 15

மனோய்,

காலணி வந்தது. ஒவ்வொன்றிலும் என் இரண்டு காலும் போகிறது. ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதை வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன்.

இங்கே அரிசிக்கு ஒரு வரிசை, தண்ணீருக்கு ஒரு வரிசை, எந்த வரிசை எதற்கு என்று கேட்க ஒரு வரிசை. மூட்டை மேலே நிவாரணம் என்று எழுதியிருக்கிறது. முதல் இரண்டு எழுத்து வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது போல, மிச்சம்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

சரி. எவ்வளவு நேரம்தான் இப்படியே எழுதுவது.

பார்த்தேன் மனோய். அப்பாவிடம் பொய் சொல்வதற்கு முன்னாடியே பார்த்துவிட்டேன். அன்றைக்குக் காலையில் தண்ணீர் தேடி கேட் பக்கம் போனேன். அம்மா கூடை வைத்து உட்காரும் சுவரோரமாக வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். தார்ப்பாய், தகரம், பள்ளிக்கூடத்து ஜன்னல் திரை, கிடைத்ததைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு திரைக்கு வெளியே கை. முழங்கைக்குக் கீழே கொழுக்கட்டைப் பானையின் ஆவி சுட்ட தழும்பு. முகத்தைப் பார்க்காமல் போய்விடலாம் என்று பத்தடி நடந்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

அப்பாவிடம் சொல்லியிருந்தால்? செத்தவரை ஒரு நிமிஷம் தனியாக விடாத ஊர் நம்முடையது. அவர் உட்கார்ந்திருப்பார். ஒன்பது நாள் ஜெபம் முடியாமல் எழுந்திருக்க மாட்டார். பூடோயின் கால் ஜெபத்துக்குக் காத்திருக்குமா? அவரை ஏற்றிவிட்டு அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் வரவில்லை. ஒரு வரி கேட்டாய், நீளமாகிவிட்டது.

துக்க வீட்டில் தூங்கக் கூடாது என்றுதானே சீட்டு ஆடுவோம், பிஸ்கட் தின்போம், கண்ட கதையும் பேசிச் சிரிப்போம்? பிஸ்கட்டுக்கு உன் ரொட்டி. சீட்டுக்கு மனா நேனா. நம் தெருக்கோடியில் மீன் விற்பாரே, அந்த அக்காதான். அவர் புருஷன் அடுத்த தார்ப்பாயில் இருந்தார்.

"சீட்டுக்கட்டு நனைஞ்சு கிடக்குடி. ராஜாவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டாங்க."

"ஒட்டிக்கட்டும் மனா. ராணிங்கதான் போயிட்டாங்களே, பாவம் அவங்களுக்கும் துணை வேணாமா?"

நேனா வாய்விட்டுச் சிரித்தார். "உங்கம்மா கேட்டிருந்தா காதைப் பிடிச்சுத் திருகியிருப்பா!"

"காதைக் கொண்டு போய்க் கிட்ட வச்சுத்தான் பாத்தேன். திருகலை."

அதற்கப்புறம் இரண்டு பேரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டோம்.

விமானம் இறங்கும்போதெல்லாம் அந்தக் காற்றில் மூடியதெல்லாம் பறக்கும். அரிசி வருகிறது என்று ஜனங்கள் அந்தப் பக்கம் ஓடுவார்கள். நான் திரையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

நேற்று எல்லாரையும் எடுத்துப்போக லாரி வந்தது. நானும் ஏறினேன். "நீ இறங்கும்மா, இதுல வரக் கூடாது" என்றார் சிப்பாய்.

"நோயாளி கூடத் துணைக்கு ஒரு ஆளை விடுறீங்கல்ல சார்? நான் துணைக்கு."

அவர் தன் முகமூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே மலைச்சரிவில் நீளமாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். அம்மா எந்த இடம் என்று எனக்குத் தெரியும். வேரோடு சாய்ந்த பலாவுக்கு நேர் கீழே. வேறு யாரும் காட்ட முடியாது, அதனால் நான் இங்கேயே இருக்கிறேன்.

அப்பாவிடம் எப்போது சொல்வது என்று நீ பார்த்துக்கொள். பூடோய் தேறின பிறகு.

லின்


மணிலா
நவம்பர் 17

லின்,

உன் கடிதத்தை வேலை நேரத்தில், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அறைவேன் என்று எழுதியிருந்தேன். அந்தக் காகிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு.

நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. கேள்.

என் வீட்டுக்கார அம்மா அலிங் சோலெங் நல்லவர். அழுத முகத்தோடு நான் வந்ததைப் பார்த்தார், என்ன என்று கேட்டார், உளறிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால், நடுவீட்டில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஜெபம் ஆரம்பித்திருக்கிறார். நானே கேட்கக் கூச்சப்படுவேன் என்று அவராகவே செய்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார்.

"யாருக்கு ஜெபம்?"

"உங்க பெர்லாவுக்குத்தான், மாங் கிரிஸ்புலோ."

"என் பொண்டாட்டி உசுரோட இருக்கா. உசுரோட இருக்கிறவளுக்கு யாராவது மெழுகுவர்த்தி ஏத்துவாங்களா?"

திரியை விரலால் கசக்கி அணைத்தார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அலிங் சோலெங் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தினம் ஒவ்வொரு விமானமும் வரும்போது அப்பா தளத்தில் நிற்கிறார். இறங்குகிற எல்லாரிடமும், "மஞ்சச் சட்டை, கையில தழும்பு, கேட்டுல மோரோன் விக்கிறவ, பாத்தீங்களா?" என்று கேட்கிறார். நேற்று ஒரு பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்த மாதிரிதான் இருக்கு" என்றாள். மனசு கேட்காமல் சொன்னாள், எனக்குத் தெரிகிறது. அதிலிருந்து அவர் மணிலாவில் இருக்கிற மடங்களையெல்லாம் நடந்தே தேடுகிறார். அவளும் உன்னைப் போல, என்னைப் போல. ஆளுக்கொரு வாய் ஊட்டி அந்தப் பொய்யை வளர்த்துவிட்டோம்.

பூடோய்க்கு நாளைக்கு மறுபடி அறுவை. கையெழுத்துப் போட, பக்கத்தில் இருக்க அப்பா வேண்டும். இதைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். உன்னைத் திட்டினவன்தான் கேட்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டுமே.

டியோ


தக்லோபன்
நவம்பர் 19

மனோய்,

இருக்கட்டுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. திருவிழாவில் என்னைப் பார்த்து "உனக்கு மனசாட்சியே கிடையாதா"ன்னு கத்தினவன் கேட்கிறான்.

குறும்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஏமாந்தவன் கடைசியில் சிரிக்க வேண்டும். அவன் சிரிக்காவிட்டால் அது குறும்பே இல்லை. நீ கூட அன்றைக்குப் பன்றிக்கறி தின்றுவிட்டு லேசாகச் சிரித்தாய், நான் பார்த்தேன். இதில் யார் சிரிக்கப் போகிறார்கள்? இருக்கிற மடத்துக் கதவையெல்லாம் அப்பா தட்டுகிறார். ஒவ்வொரு கதவையும் நான்தான் அவர் முகத்தில் சாத்துகிறேன்.

நேற்று ஒரு அம்மாள் வரிசையில் என் முன்னால் நின்றார், அம்மா மாதிரியே கொண்டை போட்டுக்கொண்டு. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. சும்மா சொன்னேன். எதற்கு உன்னிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

பூடோய்க்கு அறுவை முடிந்து கண் விழித்ததும் அப்பாவை இங்கே அனுப்பு. நீ எதுவும் சொல்லாதே. உனக்குச் சொல்ல வராது, வழவழவென்று சொல்லி இன்னும் கெடுப்பாய். என் வாயால் ஏற்றினேன், என் வாயாலேயே இறக்குகிறேன். இங்கே வருகிற விமானத்தில் ஆட்களை ஏற்ற மாட்டார்கள், அரிசிக்குத்தான் இடம். சார்ஜென்ட்டைக் கேள். அம்மாவின் கொழுக்கட்டையைத் தின்ற வாய், இல்லை என்று சொல்லாது.

லின்


மணிலா
நவம்பர் 21

லின்,

பூடோய் விழித்துவிட்டான். கால் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. "அம்மாகிட்ட என் காலைக் காட்டணும், கட்டைப் பிரிக்காதீங்க" என்று நர்சுகளை விரட்டுகிறான்.

அப்பாவிடம், "லின் உங்களை வரச் சொல்றா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆட்களை ஏற்ற முடியாது, மூட்டை தூக்குகிறவரை ஏற்றலாம் என்றார் சார்ஜென்ட். அப்பா காலையிலிருந்து அரிசி மூட்டை தூக்குகிறார். இந்தக் கடிதம் அவர் சட்டைப் பையில்தான் வருகிறது. கண்ணாடியைக் கடல் கொண்டுபோய்விட்டது, படிக்க முடியாது.

நீ தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது.

டியோ


தக்லோபன்
நவம்பர் 23

மனோய்,

அப்பா வந்தார். பின்கதவு வழியாக மூட்டையோடு இறங்கினார். வேறு யாரோ கூலியாள் என்று நினைத்துவிட்டேன். அவரும் என்னைத் தாண்டி நாலடி போய்விட்டார். பேன் தாங்காமல் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறேன், அதுதான்.

"அப்பா."

மூட்டையை மெதுவாக இறக்கி, நிமிர்த்தி வைத்தார். பிறகுதான் திரும்பினார்.

"எங்க?"

அம்மா எங்கே என்று கேட்கவில்லை. வெறும் எங்கே. ஒரு வாரமாகப் பாடம் பண்ணி வைத்திருந்ததையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். "கூட்டிட்டுப் போ" என்றார்.

நடந்தே போனோம். சாய்ந்த பலாவைக் காட்டினேன். மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறி, நிழல் சுருங்கி, மறுபடி நீளும்வரை இருந்தார். பிறகு கேட்டார்.

"தனியாவா இருந்தா?"

"இல்லப்பா. நான் இருந்தேன்."

"தூங்கினியா?"

"கொஞ்சம். அப்ப மனா நேனா முழிச்சிருந்தாங்க."

"ம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்களுக்கு எப்பப்பா தெரியும்?" என்றேன்.

"அந்த கேட்டுக்கு இருபது வருஷமா ட்ரைசிக்கிள் ஓட்டுறவன்டி நான். என்னையே பின்பக்கமா சுத்திக் கூட்டிட்டுப் போறே. அந்தச் சுவரோரம் என்ன கிடக்குன்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"பூடோய் கால் நாத்தம் எடுத்திருச்சு."

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "அவ செத்துட்டான்னு தெரிஞ்சு ஏறினா, நான் விட்டுட்டுப் போனவன். உன் பேச்சை நம்பி ஏறினா, தேடிப் போனவன். மணிலாவுல தேடிக்கிட்டே இருந்தேன். நிறுத்தினா விட்டுட்டு வந்தவன் ஆயிருவேன்ல."

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது.

"அப்ப நான் இங்க அவங்க பக்கத்துல ஒத்தையா உட்கார்ந்திருக்கேன்னும் உங்களுக்குத் தெரியும்."

ஏதாவது பொய் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. என் அப்பாதானே, ஒரு பொய் வராதா?

"தெரியும்" என்றார்.

மனோய், அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவர் செய்தது சரி. நான் செய்ததும் சரி. பூடோய்க்குக் கால் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் முடியவில்லை. திரும்பி வரும்போது அவர் பின்னால்தான் நடந்தேன், பக்கத்தில் இல்லை. பாதி வழியில் நின்று எனக்காகக் காத்திருந்தார். நானும் நின்றுவிட்டேன். அப்புறம் அவரே நடந்தார்.

மனா நேனாவின் தார்ப்பாய்க் குடிசையில் நேற்று ஜெபம் ஆரம்பித்தார். முடியும்வரை இங்கேதான் இருப்பாராம். என்னைக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

"நீ பூடோய்கிட்ட போ. அவன்கிட்ட நீதான் சொல்லணும். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி."

நாளை விமானம். பொய் சொல்லும்போது என் முகம் ஒரு இம்மி அசையாது, உனக்கே தெரியும். இதை மனா நேனா முன்னால் சொல்லிப் பார்த்தேன். "பூடோய், அம்மா"ங்கிற வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் முகம் நிற்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதே இடம். அவனுக்கு ஏழு வயசு. நான் இளித்தால் விளையாடுகிறேன் என்று நினைப்பான். அழுதாலும் விளையாடுகிறேன் என்றுதான் நினைப்பான். இத்தனை நாள் அவனை அப்படித்தானே பழக்கியிருக்கிறேன்.

நீ வேலைக்கு லீவு சொல். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையாட்டிவிட்டுப் போய்விடாதே. என்னோடு உள்ளே வா. ஒரு வார்த்தை பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திரு.

லின்